கழுத்தில் ஒரு குழாய்

யான்பு
சவூதி அரேபியா
9 ஜனவரி 2025

அன்புத் தங்கை ஹிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். அத்தா, அம்மா, நீ, உன் குட்டி மகள் இனாயா எல்லோரும் நலமா? உன் வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்.

போனில் பேசாதே, மெயிலில் எழுது என்றாய். சரிதான். நான் போன் பண்ணினால் அம்மா உடனே ஸ்பீக்கரைப் போடுவார், நான் கத்துவேன், கூடத்தில் படுத்திருக்கும் அத்தாவின் காதில் எல்லாம் விழும். இதயத்தில் வால்வு மாற்றப் போகிற மனிதருக்கு என் கத்தல் ஆகாது. அத்தா நமக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஸலாம் சொல்லி, நலம் கேட்டு, முறையாகவே எழுதுகிறேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடமாட்டேன்.

ஊரில் இத்தனை மருத்துவமனை இருக்க, ஏன் அந்த மருத்துவமனை? உன் வீட்டுக்காரர் முஜீப் அங்கே படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். திருமழிசை எஸ்டேட்டில் அவருடைய லாண்டரி ஓடுவதே அவர்கள் தயவில்தான். 'நம்ம ஆளுங்க மச்சான், நல்லா பாப்பாங்க' என்றார் என்னிடம். நாளைக்கு அங்கே ஒன்று கிடக்க ஒன்று ஆனால், இவர் வாயைத் திறந்து கேட்பாரா? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

என்னோடு அறையில் இருக்கும் ஜெகதீசன், பருத்திப்பட்டுக்காரன், அடுத்த வாரம் லீவில் வருகிறான். அவனிடம் ஒரு பாட்டில் கருஞ்சீரக எண்ணெய் கொடுத்தனுப்புகிறேன். மதீனாவுக்குப் போனபோது வாங்கியது. ராத்தொழுகை முடித்து ஓதி வைத்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் வலி இருக்கிற இடத்தில் அம்மா தன் கையால் தடவிவிட வேண்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவர்கள் சிரிப்பார்கள், வேண்டாம் என்பார்கள். அம்மாவிடம் போனிலும் சொல்லிவிட்டேன்.

அத்தாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நடப்பதை நடந்தபடி எழுது.

வஸ்ஸலாம்,
ராஷித்

பூந்தமல்லி
24 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முதலில் நல்ல செய்தி. அல்ஹம்துலில்லாஹ், அத்தாவுக்கு வால்வு மாற்றிவிட்டார்கள். கண் திறந்தார். அம்மா என் பெயரைச் சொன்னால் தலையை ஆட்டுகிறார். நீ சாப்பிடு.

மயக்க மருந்து டாக்டர் சரண் எங்களை முன்கூட்டியே உட்காரவைத்து எல்லாம் சொன்னார். கழுத்து நரம்பு வழியாக ஒரு நீளமான மெல்லிய குழாய், அதற்கு கத்தீட்டர் என்று பெயர், இதயத்தின் வலது பக்கத்துக்குள் போய் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வரை நிற்குமாம். ஆபரேஷன் நடக்கும்போதும் பிறகும் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். 'அதுல சங்கடமும் உண்டும்மா. உள்ள போறப்ப துடிப்பு தடுமாறலாம். அபூர்வமா நுரையீரல் ரத்தக்குழா கிழியலாம். கழுத்து வழியா கிருமி ஏறலாம். அதனால தேவை முடிஞ்சதும் எடுத்துடுவோம்' என்றார். அத்தாவுக்குக் குழாய் உள்ளே போனபோது துடிப்பு கொஞ்சம் தடுமாறி, உடனே சரியாகிவிட்டது என்று அவரே வெளியே வந்து சொன்னார்.

இன்னும் ரத்த அழுத்தம் நிலைக்கு வரவில்லை. அதனால் குழாயை விட்டுவைத்திருக்கிறார்கள். கழுத்தில் கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டு போட்டு மூடியிருக்கிறது. பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

ஐசியுவுக்குள் ஒருவரைத்தான் விடுகிறார்கள், அதுவும் கொஞ்ச நேரம். அம்மாதான் போகிறார். பானுப்பிரியா என்று ஒரு நர்ஸ். திருநின்றவூரிலிருந்து ரயில் பிடித்து வருகிற பெண். அத்தாவைத் தன் வீட்டு மனிதர் போலப் பார்த்துக்கொள்கிறாள். 'நைனா, மூச்சு இழுங்க, நல்லா இழுங்க' என்று அவள் அதட்டுவது கதவுக்கு வெளியே கேட்கிறது. அத்தா அவளுக்குப் பயந்து மூச்சு இழுக்கிறார். நமக்கு எப்போதாவது பயந்திருக்கிறாரா?

ஜெகதீசன் அண்ணன் மருத்துவமனைக்கே வந்து எண்ணெயைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா பாட்டிலை ஒரு கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். இனாயா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள்.

உன் துஆவில் எங்களை மறவாதே.
ஹிபா

யான்பு
26 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நலம். அத்தா கண் திறந்த செய்தியைப் படித்துவிட்டு அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். அப்போதுதான் ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

துடிப்பு தடுமாறியது, உடனே சரியாகிவிட்டது. இதை யார் சொன்னது? அவர்களே. உள்ளே நீ இருந்தாயா? ஆபரேஷனுக்கு முன்னாலேயே இது ஆகலாம், அது ஆகலாம் என்று ஒருவர் ஏன் அவ்வளவு விளக்கமாகச் சொல்ல வேண்டும்? நாளைக்கு ஏதாவது ஆனால், 'நாங்கதான் அன்னிக்கே சொன்னோமே' என்று கையை விரிக்கத்தான். எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான், ஆபத்து என்று பலகை மாட்டிவிட்டால் அவர்கள் பொறுப்பு முடிந்தது.

தேவை முடிந்ததும் குழாயை எடுப்போம் என்றார்கள். தேவை முடிந்ததா என்று யார் முடிவு செய்வது? ஐசியுவில் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டாமா?

அந்த நர்ஸ் நல்லவளாகவே இருக்கட்டும். நல்லவர்களும் கவனம் தப்புவார்கள். ஒரு கண் வைத்திரு. உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? அவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், எனக்குத் தெரியும்.

அத்தாவின் நெற்றியில் என் சார்பாக ஒரு முத்தம் கொடு.
ராஷித்

பூந்தமல்லி
3 பிப்ரவரி 2025

அண்ணா,

ஸலாம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அத்தாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை. கட்டில் ஆடும்படி உடம்பு தூக்கிப் போட்டது. குழாயை உடனே எடுத்து, அதன் நுனியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கழுத்து வழியாகக் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். புது வால்வில் போய் உட்கார்ந்தால் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்கிறார்கள். இதுவரை வால்வு சுத்தமாக இருக்கிறது. ஆறு வாரம் ஊசி போட வேண்டும்.

டாக்டர் சரண் எங்களைக் கூப்பிட்டு, கழுத்தில் இருந்த ஒட்டு நழுவியிருந்தது, ஓரத்தில் பிசுக்கு இருந்தது என்றார். 'வீட்டுக்காரங்க யாராவது அங்க கை வெச்சீங்களா?' என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அம்மா கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

வேறு எழுதத் தெம்பில்லை. துஆ செய்.
ஹிபா

யான்பு
5 பிப்ரவரி 2025

ஹிபா,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று வேலைக்குப் போகவில்லை. போனால் யாரையாவது அடித்துவிடுவேன்.

நான் சொன்னேனா இல்லையா? கிருமி ஏறலாம் என்று முன்னாடியே சொன்னவர்கள், ஏற்றியும் காட்டிவிட்டார்கள். இப்போது 'நீங்க கை வெச்சீங்களா' என்று நம் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள்! அம்மாவைப் பார்த்து இப்படிக் கேட்க அவர்களுக்கு எப்படி மனசு வந்தது? பெற்ற பிள்ளைக்குக்கூடக் கை கழுவாமல் சோறு ஊட்டாத அம்மா. அவர் அழாமல் என்ன செய்வார்?

ஒட்டின் ஓரத்தில் பிசுக்காம். பிசுக்கு எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து சொட்டியதா? அந்த பானுப்பிரியா கேன்டீனில் பஜ்ஜி தின்றுவிட்டுக் கையைத் துடைக்காமல் வந்து ஒட்டு போட்டிருப்பாள். அப்படித்தான் நடந்திருக்கும், நான் எழுதிக் கொடுக்கிறேன். நீ அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாயே, 'நைனா மூச்சு இழுங்க' என்று.

உன் வீட்டுக்காரர் ஏன் இன்னும் சட்டையைப் பிடித்துக் கேட்கவில்லை? பெட்ஷீட் கைவிட்டுப் போய்விடும் என்றா? இதை அவரிடம் படித்துக் காட்டு. நான் பயப்படவில்லை.

அத்தா எப்படி இருக்கிறார்? உடனே பதில் எழுது.
ராஷித்

யான்பு
20 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது, பதில்தான் இல்லை.

அத்தா வீட்டுக்கு வந்துவிட்டார், தினமும் ஊசிக்குப் போய் வருகிறார் என்று லீவு முடியுமுன் ஜெகதீசன் வந்து பார்த்துவிட்டு, இங்கே திரும்பியதும் சொன்னான். பெற்ற தகப்பன் வீடு திரும்பியதை எனக்கு ஜெகதீசன் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசி, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும் சொல்வார். இப்போது, 'நல்லா கீறாரு, நீ நல்லா சாப்புடு, வச்சிர்றேன்' என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கர்கூடப் போடவில்லை. அங்கே என்னமோ நடக்கிறது. எனக்கு மறைக்கிறீர்கள். உன் வீட்டுக்காரர் உங்கள் இருவர் வாயையும் கட்டிவிட்டார் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

சரி. நீங்கள் கேட்காவிட்டால் நான் கேட்பேன். இன்று மருத்துவமனைக்கு ஒரு புகார் அனுப்பிவிட்டேன். நர்ஸ் பானுப்பிரியா அசுத்தமான கையால் ஒட்டைப் பிரித்துப் போட்டதால்தான் என் அத்தா சாகக் கிடந்தார் என்று, பஜ்ஜி உட்பட எழுதியிருக்கிறேன். பதில் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன்.

வஸ்ஸலாம்,
ராஷித்

பூந்தமல்லி
4 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எங்கள் நலத்தில் குறைவில்லை. நோன்பு தொடங்கிவிட்டது. அங்கே சஹருக்கு யார் சமைக்கிறார்கள்? ரொட்டியும் தயிருமாக ஒப்பேற்றாதே.

அத்தாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. நேற்று எக்கோ எடுத்தார்கள், வால்வு சுத்தமாக இருக்கிறது. தெருமுனை வரை நடக்கிறார். மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட சாலையைப் பார்த்து, 'என் நெஞ்சையே தோண்டி மூடிட்டாங்க, இவனுங்க இன்னும் மூடலியே' என்று சிரித்தார்.

உனக்கு எழுதாததற்கு உன் மச்சான் காரணம் இல்லை. நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'பெத்தவர பாக்க முடியாத தூரத்துல கீறாரு, கோவம் வரத்தான் செய்யும்' என்றார். அவ்வளவுதான். அவரை இனி எதுவும் சொல்லாதே, எனக்கு வலிக்கிறது.

உன் புகாரால் பானுப்பிரியாவை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பெயரை உனக்கு எழுதியவள் நான். நல்லபடியாக எழுதினேன், அது இப்படி முடிந்தது. அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள். ஏன் என்று கேட்காதே. அத்தா பிழைத்துவிட்டார், அதற்காகவாவது.

அம்மாதான் சரியில்லை. நோன்பு திறந்ததும் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், அத்தோடு எழுந்துவிடுகிறார். அத்தாவுக்கு மாத்திரை எடுத்துத் தரக்கூட என்னைக் கூப்பிடுகிறார். அவர் பக்கத்தில் போவதில்லை. கையைக் கழுவுகிறார், கழுவிக்கொண்டே இருக்கிறார். இனாயா கூடக் கேட்டுவிட்டாள், 'நன்னி கையில இன்னா ஒட்டிகினு கீது?' என்று.

இதற்கு மேல் ஒன்று எழுதி, அழித்துவிட்டேன்.

அன்புடன்,
ஹிபா

யான்பு
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். சஹருக்கு ரொட்டியும் தயிரும்தான், நீ சொன்னது சரி.

எதை எழுதி அழித்தாய்? உன்னை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் யாராவது உன் பென்சிலை எடுத்தால் வீடு வரை அழுதுகொண்டு வருவாய், எடுத்தது யார் என்று மட்டும் சொல்லமாட்டாய். இப்போதும் யாரையோ காப்பாற்றுகிறாய். முஜீபையா, அந்த நர்ஸையா? அவள் உன் வீட்டுக்கு வந்து அழுதாளா? மருத்துவமனைக்காரர்கள் உன் வீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்தார்களா? அம்மா ஏன் அப்படி ஒடுங்கிப்போனார்? யாரோ மிரட்டியிருக்கிறார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

புகாரைத் திரும்பப் பெறமாட்டேன். இருபதாம் தேதி விசாரணை என்று பதில் வந்திருக்கிறது. குடும்பத்தின் சார்பில் ஒருவர் நேரில் சொல்ல வேண்டுமாம். நீ போ. அந்த நர்ஸ் கை கழுவாமல் ஒட்டைத் தொட்டதைப் பார்த்தேன் என்று சொல். பார்த்தாயோ இல்லையோ, நடந்தது அதுதான். பெருநாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், வந்ததும் வக்கீலைப் பார்க்கலாம்.

இன்னொன்று. நான் அனுப்பிய எண்ணெயைப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே? தடவினீர்களா இல்லையா? தடவியிருந்தால் இந்தக் காய்ச்சலெல்லாம் வந்திருக்காது. இதற்கும் டாக்டர் பேச்சைத்தான் கேட்டிருப்பீர்கள். இன்னொரு பாட்டில் வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

அத்தாவின் கையைப் பிடித்து என் ஸலாம் சொல்.
ராஷித்

பூந்தமல்லி
22 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா நலம். ஊசி முடிந்துவிட்டது. உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் போகச் சொல்லிவிட்டுப் படி.

பதினேழாம் தேதி நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பானுப்பிரியா வீட்டுக்கு வந்தாள். நீ சொன்னது பலித்துவிட்டது, வந்துதான் அழுதாள். யாரும் அனுப்பி வரவில்லை. உள்ளே வரக்கூட மாட்டேன் என்று வாசல்படியிலேயே நின்றாள்.

'அக்கா, நான் இன்னா பண்ணேன் சொல்லு. அன்னிக்கு நைனாவுக்கு அந்த ஒட்டு நழுவிகினு இருந்துச்சு. எண்ணெ மாரி இருந்துச்சு. தலைக்கு வெச்ச எண்ணெ எறங்கிகீதுன்னு நெனச்சு, மருந்து போட்டுத் தொடச்சிட்டு வேற ஒட்னேன். டாக்டருகிட்ட அப்பவே சொல்லாம, காய்ச்சல் வந்தப்புறம் சொன்னது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பஜ்ஜி தின்ன கைன்னு எழுதிகீறாரே உங்க அண்ணன். அன்னிக்கு ரெண்டு பேர் வேல நான் ஒருத்தி பாத்தேங்க்கா. சாப்டவே இல்ல.'

எனக்கு அப்போது எல்லாம் தெரியும். காய்ச்சல் என்று உனக்கு எழுதிய மறுநாளே அம்மாவின் கைப்பையில் தஸ்பீஹ் மணியை எடுக்கப் போய்ப் பாட்டிலைப் பார்த்தேன். பாதி காலி. சுற்றியிருந்த கைக்குட்டை முழுவதும் எண்ணெய். அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். 'ராஷிதுக்குச் சொல்லாத' என்று மட்டும் சொன்னார். அதைத்தான் இவ்வளவு நாள் உனக்கு எழுதாமல் இருந்தேன். அம்மாவுக்காகவா உனக்காகவா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளேயிருந்து வந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

'எண்ணெய நான்தாம்மா தடவுனேன். வலி எங்கன்னு கேட்டேன், அவரு கழுத்துல கைய வெச்சுக் காட்டுனாரு. நீ பக்கத்துக் கட்டில பாத்துகினு இருந்த. அந்த ஒட்டோட ஓரத்தத் தூக்கி, குழா உள்ள போற எடத்துல தடவுனேன். மறுபடி ஒட்டப் பாத்தேன், ஒட்டல. அமுக்கி வுட்டுட்டு வந்துட்டேன்.'

பானுப்பிரியா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். 'ஏம்மா, அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா குழாய அன்னிக்கே மாத்தியிருப்போமே' என்றாள். அம்மா, 'பயந்துட்டேம்மா' என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அம்மா அவளுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தார். அவள் மறுக்காமல் குடித்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

இருபதாம் தேதி விசாரணைக்கு அம்மாவே வந்தார். உன் மச்சான் லாண்டரியைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். காண்ட்ராக்ட் போனால் போகட்டும் என்று அவர் சொல்லவில்லை, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார், அவ்வளவுதான். அம்மா எல்லோருக்கும் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். கிருமி எதனால் ஏறியது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் குழாய் இருக்கிற இடத்தில் ஒட்டைத் தூக்கினால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். பானுப்பிரியாவுக்கு ஒரு எச்சரிக்கையோடு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியில் டாக்டர் சரண் கேட்டார்: 'எண்ணெய் யாரும்மா குடுத்தாங்க? தடவச் சொன்னது யாரு?'

அம்மா சொன்னார்: 'யாரும் சொல்லல. நானே கடையில வாங்கினேன்.'

நோன்பு வைத்த வாயால் அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஹிபா

யான்பு
4 ஏப்ரல் 2025

என் அம்மா அஷ்ரஃபுன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹிபா இதைப் படித்துக் காட்டுவாள். அத்தா பக்கத்தில் இல்லாதபோது படிக்கச் சொல்லுங்கள்.

பெருநாளுக்கு வராததற்கு லீவு கிடைக்கவில்லை என்று ஜெகதீசனைப் போனில் சொல்லச் சொன்னேன். அது பொய். டிக்கெட்டை நானேதான் ரத்து செய்தேன். எந்த முகத்தோடு வருவேன்? மச்சானை என்னென்னவோ எழுதினேன். சாப்பிடாமல் வேலை பார்த்த பெண்ணின் கையில் பஜ்ஜியை வைத்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்டேன் அம்மா. ஜன்னலில் இருந்த பாட்டில் தினமும் கண்ணில் பட்டது, அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

மருத்துவமனைக்கு எழுதிவிட்டேன். எண்ணெய் என்னுடையது, டாக்டரிடம் கேட்க வேண்டாம் என்று சொன்னவனும் நான், நான் சொன்னதை அம்மா செய்தார், அவ்வளவுதான் என்று. மச்சானுக்குப் போன் பண்ணினேன். நான் ஆரம்பிப்பதற்குள், 'வுடு மச்சான், எப்ப வர்ற?' என்று கேட்டார். பானுப்பிரியாவுக்கு எழுத உட்காருகிறேன், எழுத வரவில்லை. எழுதாமல் விடமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தனை பேர் முன்னால் என் பெயரை ஏன் அம்மா சொல்லவில்லை?

உங்கள் மகன்,
ராஷித்

பூந்தமல்லி
18 ஏப்ரல் 2025

என் அருமை மகன் ராஷிதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் சொல்லச் சொல்ல ஹிபா எழுதுகிறாள். ஒரு வார்த்தையை மாற்றினாலும் வெந்நீர்கூடத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். இங்கே நான் அழுதால் ஹிபா இருக்கிறாள், மருமகன் இருக்கிறார், இனாயா வந்து மடியில் ஏறிக்கொள்கிறாள். அங்கே நீ அழுதால் யார் இருக்கிறார்கள்? அதனால்தான். பொய்க்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்துகொண்டேன். அந்த நோன்பை மறுபடியும் பிடித்துவிட்டேன். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் உள்ளது, நீ அதைத் தூக்கிச் சுமக்காதே.

எண்ணெய் மேல் குற்றம் இல்லை மகனே. வைக்கக்கூடாத இடத்தில் வைத்த கை என்னுடையது. கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்கள் என்று நீ சொன்னாய், நானும் நம்பினேன். சிரித்திருந்தால்தான் என்ன? சிரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், நானும் பேசாமல் வீட்டுக்கு வந்திருப்பேன்.

பானுப்பிரியா போன வாரம் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வேலைக்குப் போகிறாளாம். உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். 'இன்னும் கொஞ்சம் கீது' என்றாள். இருக்கட்டும், நியாயம்தானே. நீ எழுது.

இப்போது அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நேற்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். ஐசியுவில் அரை மயக்கத்தில் கிடந்தாராம். யார் வந்தது, யார் போனது, எதுவும் தெரியவில்லையாம். திடீரென்று, நீ லீவில் வரும்போது உன் மேல் அடிக்குமே, அந்தக் கருஞ்சீரக வாசனை வந்ததாம். 'ராஷித் ஊர்லேர்ந்து வந்துட்டான், பக்கத்துல நிக்கிறான்னு நெனச்சேன் அஷ்ரஃப். அதுக்கப்புறம்தான் எனக்குப் பொழைக்கணும்னே தோணுச்சு' என்றார். தொழப் போகிற இடத்திலும் டீக்கடையிலும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறாராம், மகன் அனுப்பிய எண்ணெய்தான் என்னை எழுப்பி உட்காரவைத்தது என்று.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவரிடம் இதை இனி நானும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே.

பாட்டில் தீர்ந்துவிட்டதா, ராஷிதிடம் இன்னொன்று கேள் என்று என்னைப் பிய்த்து எடுக்கிறார். ஜன்னலில் ஒன்று வைத்திருக்கிறாயாமே. யாரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. புண்ணெல்லாம் நன்றாக ஆறிவிட்டது, முழங்காலுக்குத் தடவலாம்.

டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா